மார்க்கோட நிறுத்தாதீங்க, பேப்பரைக் கேளுங்க: முதல் தடவைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

காங்கேயம் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின், அவ்வளவுதான் கடை. வருஷம் முழுக்க ஆதார் ஜெராக்ஸ், பட்டா சிட்டா என்று மெதுவாக ஓடுகிற வியாபாரம். மே மாதத்தில் பன்னிரண்டாவது, பத்தாவது ரிசல்ட் வருகிற அந்த இரண்டு நாள் மட்டும் வாசலில் செருப்பு விட இடம் இருக்காது.

அப்படி ஒரு நாள் கொப்பரைக் களத்தில் வேலை செய்கிற ஓர் அக்கா வந்தார். நோட்டிலிருந்து கிழித்த தாளில் பதிவெண் எழுதியிருந்தது, தாளில் எண்ணெய் ஊறிக் கடைசி இரண்டு எண் மங்கிப் போயிருந்தது. "ஏனுங் தம்பி, எம்பட பையனுக்கு மார்க் எத்தனைன்னு பாத்துச் சொல்லுங்." அவர் சொன்ன பிறந்த தேதியைப் போட்டால் தவறு என்று வருகிறது. மறுபடி போட்டாலும் அதே. பையன் பரீட்சை முடிந்த வாரமே திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான், போன் எடுக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டான். "அம்மா, ஸ்கூல்ல ஜூன் ஒண்ணுன்னு போட்டிருக்குது." ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது தாத்தா போய் வாய்க்கு வந்த தேதியைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார், பெற்ற அம்மாவுக்கே அது தெரியாது.

312 வாங்கிப் பாஸாகியிருந்தான். அக்கா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "312ன்னா நல்ல மார்க்குங்களா?"

பத்து வருஷமாக அவர் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. அந்த அக்கா மாதிரி ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் முதல் தடவையாக ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, பள்ளிக்கூடத்து மிஸ்ஸிடம் என்ன கேட்பது எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, கேட்டால் ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ என்று வெசனம் வேறு. கூச்சமே வேண்டாம், கேட்கிறதில் ஒரு தப்பும் இல்லை.

முதல் வேலை: போன் நம்பர்

பள்ளியில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது? இன்றைக்கே கேளுங்கள். தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியில் படித்தாலும் பிள்ளையின் விவரம் கல்வித்துறையின் எமிஸ் என்கிற கணினிப் பதிவில் இருக்கும், பிள்ளைக்கு ஒரு எமிஸ் எண்ணும் இருக்கும். அதில் இருக்கிற கைபேசி எண்ணுக்குத்தான் எல்லாத் தகவலும் வரும். பொதுத்தேர்வு ரிசல்ட்டையும் பள்ளியில் கொடுத்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறார்கள். ஆனால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது கொடுத்த நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறதோ! நம் பக்கத்தில் ஆபர் வந்தால் சிம்மை மாற்றுவது ஒரு பழக்கம். எனக்குத் தெரிந்து ஒரு பிள்ளையின் மெசேஜ் எல்லாம் மூன்று வருஷமாக வெள்ளகோவிலில் இருக்கிற மாமன் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது, அவரும் பள்ளிக்கூட விளம்பரம் என்று நினைத்து அழித்துக்கொண்டிருந்தார்.

கிளாஸ் டீச்சரிடம் போய், "மிஸ், எமிஸ்ல எந்த நம்பர் இருக்குதுங்க? மாத்தணுமுங்க" என்றால் போதும். அப்பாவும் அம்மாவும் ஷிப்டில் இருந்து, பிள்ளை அம்மாவைப் பெற்ற அம்முச்சி வீட்டில் வளர்கிறது என்றால், பள்ளிக்கு அடிக்கடி போய் வருகிறவர் யார் என்பதையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அம்முச்சி போய்க் கேட்கும்போது "அப்பா அம்மாவை வரச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்புவது நடக்கும், அதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நீங்கள் ஓடி வர வேண்டியிருக்கும்.

அதே கையோடு பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் சரிபாருங்கள். பள்ளியில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று என்று இருக்கிற வீடுகள் ஏராளம். ஒன்பதாவது முடிவதற்குள் இதைச் சரிசெய்வது சுலபம். பத்தாவது பொதுத்தேர்வுக்கு நாமினல் ரோல் என்று ஒரு பெயர்ப் பட்டியல் தயாராகும், எமிஸில் என்ன இருக்கிறதோ அதுதான் அங்கே போகும், அங்கே போனதுதான் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். அச்சான பிறகு ஓர் எழுத்தை மாற்ற அலைகிற அலைச்சல் இருக்கிறதே, அதை என் கடையில் விண்ணப்பம் அடிக்க வருகிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சின்ன வகுப்புகளில் "பாஸ்" என்றால் என்ன

எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அதனால் கார்டில் "தேர்ச்சி" என்று இருப்பதைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போய்விடாதீர்கள், அது எல்லாப் பிள்ளைக்கும் இருக்கும்.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, 2022இல் இருந்து "எண்ணும் எழுத்தும்" திட்டம் நடக்கிறது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிப்பார்கள். கேட்பதற்கு அழகாக இருக்கும், ஆனால் அரும்பு என்றால் ஒன்றாம் வகுப்பு நிலை, மொட்டு இரண்டாம் வகுப்பு நிலை, மலர் மூன்றாம் வகுப்பு நிலை. உங்கள் பிள்ளை மூன்றாவது படித்துக்கொண்டு அரும்பில் இருந்தால், எழுத்துக்கூட்டிப் படிக்க இன்னும் தடுமாறுகிறது என்று பொருள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. பிரித்து வைத்திருப்பதே அந்தந்த நிலையிலிருந்து சொல்லிக் கொடுப்பதற்காகத்தான். ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை மார்க்" இல்லை, "எந்த நிலையில இருக்குது, போன பருவத்துல எங்கே இருந்தது" என்பது.

அதற்கு மேலே நடு வகுப்புகளில் கிரேடு வரும். 2012-13இல் முப்பருவ முறையோடு வந்தது இது: வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவத் தேர்வுக்கு, அதாவது தொகுத்தறிக்கு, 60. இரண்டையும் கூட்டி 91இல் இருந்து ஏ1, 81இல் இருந்து ஏ2, அப்படியே பத்துப் பத்தாக இறங்கும். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த 40, வகுப்பில் செய்கிற செயல்பாடுகளுக்கும் சின்னத் தேர்வுகளுக்கும் கொடுப்பது, தாராளமாகவே கொடுப்பார்கள். 38 போட்டுவிட்டு, 60க்கு 20 எழுதியிருந்தாலும் கூட்டினால் 58 வந்து சி1 ஆகிவிடும். கிரேடைப் பார்த்தால் "பரவாயில்லையே" என்று தோன்றும், 60க்கு 20ஐ மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றாது. பிரித்துக் கேளுங்கள்.

பேப்பரைக் கேட்பது

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே. மற்றதெல்லாம் இதற்கு முன்னாலும் பின்னாலும் வருகிற சங்கதிகள்.

காலாண்டு, அரையாண்டு, நடுவில் மிட்டெர்ம், ஸ்லிப் டெஸ்ட், பத்தாவது பன்னிரண்டாவது என்றால் ரிவிஷன் வேறு. எல்லாவற்றுக்கும் திருத்திய விடைத்தாள் என்று ஒன்று உண்டு. பெரும்பாலான பள்ளிகளில் அதை வகுப்பில் கொடுத்து, பிள்ளைகள் பார்த்த பிறகு திரும்ப வாங்கிக் கட்டி வைத்துவிடுவார்கள். சில பள்ளிகளில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிப் பெற்றோர் கையெழுத்து வாங்கி வரச் சொல்வார்கள். கொடுத்தனுப்பினால் பிள்ளை உங்களிடம் காட்டுகிறதா என்பது தனிக் கதை. எங்கள் வீட்டில் ஒரு பேப்பர் பொடக்காளியில் விறகுக்கு அடியில் இருந்து கிடைத்தது.

என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது அரையாண்டில் கணக்கில் 54. படிக்கிற பிள்ளைதான், வீட்டில் நன்றாகவே போடுகிறாள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. போய்க் கேட்டேன். "பேப்பரைக் கொஞ்சம் பாக்கலாமுங்களா மிஸ்?" பெற்றோருக்குக் காட்டுகிற வழக்கம் இல்லை என்றார்கள். நான் சண்டைக்கு நிற்கவில்லை. "சரிங்க மிஸ், நீங்களே வெச்சுக்கிட்டுக் காட்டுங்க, நான் கையில வாங்கல" என்றேன். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

பேப்பரைப் பிரித்ததும் கடைசியில் ஸ்டேப்ளர் போட்ட கிராஃப் தாள். அதில் எட்டு மதிப்பெண் கேள்விக்கு வரைபடம், சிவப்பு மையில் டிக், ஓரத்தில் 8. முன்பக்கக் கூட்டலில் அந்த 8 இல்லை. மிஸ்ஸும் பார்த்துவிட்டு "அய்யோ, விட்டுப் போச்சுங்க" என்று அங்கேயே திருத்தி 62 ஆக்கினார்கள். முந்நூறு பேப்பர் திருத்துகிறவர்கள், ஒரு தாள் விட்டுப் போகத்தான் செய்யும், அதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு அந்த எட்டு மார்க்கைவிட முதல் பக்கத்தில் பார்த்ததுதான் உதவியாக இருந்தது. ஒரு மதிப்பெண் கேள்விகள் பதினான்கு. அதில் ஆறுக்கு வெறும் "ஆ", "இ" என்று எழுதிவைத்திருக்கிறாள், விடையை எழுதவில்லை. கேள்வித்தாளிலேயே "விடைக் குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுதுக" என்று போட்டிருக்கிறார்கள். ஆறும் சரியான விடை, ஆறுக்கும் மார்க் இல்லை. கணக்கு வராத பிள்ளை இல்லை, கேள்வித்தாளின் மேல்வரியைப் படிக்காத பிள்ளை. 54 என்கிற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நான் டியூஷன் சேர்த்திருப்பேன், மாதம் ஆயிரம் ரூபாய் போயிருக்கும், அவள் அங்கேயும் "ஆ", "இ" என்றுதான் எழுதியிருப்பாள்.

அதனால் பேப்பர் கைக்கு வந்ததும் இப்படிப் பாருங்கள். முதலில் கூட்டல்: உள்ளே போட்ட மார்க்கெல்லாம் முன்பக்கத்துக்கு வந்திருக்கிறதா, கூடுதல் தாள், கிராஃப், வரைபடம் எல்லாம் கணக்கில் சேர்ந்திருக்கிறதா. அப்புறம் எழுதாமல் விட்ட கேள்விகள் எவை, அவை எந்தப் பாடத்தில் இருந்து வந்தவை. கடைசிப் பக்கங்களில் கையெழுத்து ஓடுகிறதா என்றும் பாருங்கள், ஓடினால் நேரம் போதவில்லை என்று பொருள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் இதில் பாதியைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். வெற்றுப் பக்கம் வெற்றுப் பக்கம்தானே.

போகிற நேரமும் முக்கியம். காலையில் பிரேயர் நேரத்தில் போய் வாசலில் நின்றால் எரிச்சல்தான் மிஞ்சும். பொழுதோட, பள்ளி விடுகிற நேரத்துக்கு ஒரு கால் மணி முன்னால் போங்கள், முந்தின நாளே பிள்ளையின் டைரியில் "நாளைக்கு வந்து பேப்பர் பார்க்க விரும்புகிறேன்" என்று எழுதி அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது. எழுதினதற்கு ஒரு மரியாதை உண்டு. மற்ற பிள்ளைகளின் மார்க்கை மட்டும் கேட்காதீர்கள். "அவங்க பையன் எத்தனை?" என்று ஆரம்பித்தீர்கள் என்றால் அடுத்த தடவை மிஸ் உங்களைப் பார்த்ததுமே வேறு வேலையாகப் போய்விடுவார். சில பள்ளிகள் வகுப்பு முழுக்க எல்லார் மார்க்கையும் ஒரே தாளில் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகின்றன, எனக்கு அது பிடிக்காது, என் பிள்ளை மார்க் எனக்குத் தனியாக வந்தால் போதும் என்று சொல்லலாம், நான் சொன்னேன், நிறுத்திவிட்டார்கள்.

ரேங்க் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையே 2017இல் நிறுத்திவிட்டார்கள். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் நம் கோபிச்செட்டிபாளையம் தொகுதிக்காரர் செங்கோட்டையன்தான். அரசாங்கமே விட்டுவிட்டது, நம் அப்பாரு காலத்துக் கேள்வியை நாமும் விட்டுவிடலாம்.

தனியார் பள்ளி, ஹாஸ்டல்

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் ஹாஸ்டலில் போட்டிருந்தால் கதை வேறு. அங்கே வாரத் தேர்வு இருக்கும், மார்க் மெசேஜாகவோ பள்ளியின் ஆப்பிலோ வந்துகொண்டே இருக்கும். மார்க் வராதது அங்கே பிரச்சினை இல்லை, வெள்ளமாக வருவதுதான் பிரச்சினை. ஒவ்வொரு மெசேஜுக்கும் பிள்ளைக்குப் போன் போட்டு "ஏன் குறைஞ்சுது" என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிற பத்து நிமிஷமும் அதிலேயே போய்விடும். நான்கு தேர்வுக்கு ஒரு தடவை சேர்த்துப் பாருங்கள், ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும். பார்க்கப் போகிற ஞாயிற்றுக்கிழமை தூக்குப் போசியில் நாட்டுக்கோழிக் குழம்பு கொண்டுபோகிற கையோடு, முன்கூட்டியே சொல்லி வைத்து இரண்டு பாடத்தின் பேப்பரையாவது எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ஆப்பின் பாஸ்வேர்டைப் பிள்ளையிடம் கொடுத்து "நீயே பாத்துச் சொல்லு" என்று விடுகிற பெற்றோர்களும் இருக்கிறார்கள். அப்புறம் என்ன சொல்ல!

கட்டண பாக்கி இருக்கிறது என்று ரேங்க் கார்டைத் தராமல் நிறுத்துவது நடக்கிறது. பாக்கி உண்மை என்றால் எப்போது கட்டுவீர்கள் என்று எழுதிக் கொடுத்துப் பேசிப் பாருங்கள். மாற்றுச் சான்றிதழ் விஷயத்தில் மட்டும் தெளிவாக இருங்கள்: அதைக் கட்டணம் வசூலிக்கிற கருவியாகப் பயன்படுத்தக் கூடாது, அதில் கட்டண பாக்கி என்று எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது.

பொதுத்தேர்வு ரிசல்ட் நாள்

2025இல் பன்னிரண்டாவது மே 8, பத்தாவது மே 16. அதற்கு முந்தின வருஷம் மே 6, மே 10. ஏறக்குறைய இந்தக் காலம்தான், தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். பதினொன்றாம் வகுப்புக்கு 2017-18இல் கொண்டுவந்த பொதுத்தேர்வு 2025-26இல் இருந்து கிடையாது, அதனால் பிளஸ் ஒன் பிள்ளைக்கு மே மாதம் இணையத்தில் தேடிக்கொண்டு இருக்காதீர்கள், பள்ளியில்தான் கேட்க வேண்டும்.

தேவையானது இரண்டே இரண்டு: ஹால் டிக்கெட்டில் இருக்கிற பதிவெண், பள்ளிப் பதிவில் இருக்கிற பிறந்த தேதி. பள்ளிப் பதிவில் இருக்கிற தேதி என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். ஹால் டிக்கெட்டை முன்பே போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதியை நாள், மாதம், வருஷம் என்கிற வரிசையில் போட வேண்டும், ஒற்றை எண்ணாக இருந்தால் முன்னால் ஒரு பூஜ்ஜியம். டிஎன்ரிசல்ட்ஸ் டாட் நிக் டாட் இன் என்கிற அரசுத் தளத்தில் பார்க்கலாம், சான்றிதழ்களைப் போனில் வைத்துக்கொள்கிற அரசு ஆப்பான டிஜிலாக்கரிலும் வரும். முதல் அரை மணி நேரம் எல்லாரும் ஒரே சமயத்தில் முட்டிக்கொள்வதால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். டீ குடித்துவிட்டு வாருங்கள், மார்க் எங்கேயும் ஓடிப்போகாது. அன்றைக்கு வாட்ஸ்அப்பில் வருகிற லிங்க்குகளைத் தொடாதீர்கள். ரிசல்ட் பார்க்கப் பணம் கேட்டாலோ வங்கி விவரம் கேட்டாலோ அது திருட்டு. மார்க்கைக் கூட்டித் தருகிறோம் என்று போன் வந்தாலும் அதேதான்.

சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு ரோல் நம்பரோடு பள்ளி எண்ணும் அட்மிட் கார்டு எண்ணும் கேட்கும், டிஜிலாக்கரைத் திறக்கப் பள்ளியில் ஆறு இலக்க எண் ஒன்று தருவார்கள், அதைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள்.

44 வாங்கியும் பெயில்

இது என் கடையில் நிஜமாகவே வாக்குவாதம் ஆன விஷயம். ஒரு பையன் பன்னிரண்டாவதில் வேதியியலில் 44. பாஸ் மார்க் 35. ஆனால் தேர்ச்சி இல்லை என்று இருக்கிறது. அவன் அப்பா கம்ப்யூட்டர் தப்பு என்கிறார்.

செய்முறை இருக்கிற பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. மொத்தத்தில் 35 வேண்டும், அதே சமயம் எழுத்துத் தேர்வில் மட்டும் குறைந்தது 15 வேண்டும். இந்தப் பையன் செய்முறையில் 20, அகமதிப்பீட்டில் 10, எழுத்தில் 14. ஒரு மார்க்கில் போய்விட்டது. பத்தாவது அறிவியலிலும் இப்படித்தான், எழுத்து 75, செய்முறை 25, எழுத்தில் 20 வாங்கியாக வேண்டும். ஆகவே மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்தில் பிரித்துப் போட்டிருப்பதைப் பாருங்கள். 312 நல்ல மார்க்கா என்று கேட்ட அக்காவுக்கும் இதைத்தான் சொன்னேன்: பத்தாவது 500க்கு, பன்னிரண்டாவது 600க்கு. பழைய ஆட்கள் சிலர் இன்னும் 1200க்கு என்று நினைத்துக்கொண்டு 480 வாங்கிய பிள்ளையைத் திட்டிவிடுகிறார்கள், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெயிலாகியிருந்தால், துணைத் தேர்வு உண்டு. ஒன்றிரண்டு மாதத்திலேயே நடத்திவிடுகிறார்கள், அதில் பாஸானால் அந்த வருஷமே மேலே சேரலாம். பள்ளியில் அன்றைக்கே விண்ணப்பத் தேதியைக் கேட்டு வையுங்கள். கடை வாசலில் வைத்து அடிப்பது, ஒறம்பற எல்லாருக்கும் போன் போடுவது இதெல்லாம் வேண்டாம். பிள்ளை பேசாமல் முடங்கிக் கிடந்தால் தனியாக விடாதீர்கள், 14416 என்று ஒரு இலவச மனநல எண் இருக்கிறது, தமிழிலேயே பேசுவார்கள்.

விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு

பொதுத்தேர்விலும் பேப்பரைப் பார்க்க வழி இருக்கிறது, பல பேருக்குத் தெரியாது. பன்னிரண்டாவதில் முதலில் விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும், சில வருஷங்களாக ஒரு பாடத்துக்கு 275 ரூபாய். படித்த பள்ளியில்தான் விண்ணப்பம், தனித்தேர்வர் என்றால் தேர்வு எழுதிய மையத்தில். ஒப்புகைச் சீட்டு ஒன்று தருவார்கள், அதில் இருக்கிற விண்ணப்ப எண் இல்லாமல் நகலை இணையத்தில் இறக்க முடியாது, சட்டைப் பையில் வைத்துத் துவைத்துவிடாதீர்கள். ரிசல்ட் வந்த சில நாட்களுக்குள் இந்த வேலை முடிந்தாக வேண்டும். நோம்பிக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் தேதி போய்விடும்.

நகலைப் பார்த்த பிறகுதான் அடுத்த முடிவு. கூட்டல் தப்பு என்றால் மறுகூட்டல், 205 ரூபாய், உயிரியலுக்கு மட்டும் 305. சரியான விடைக்கு மார்க் போடவில்லை என்றால் மறுமதிப்பீடு, 505. கட்டணத்தை அந்தந்த வருஷ அறிவிப்பில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், பத்தாவதுக்கு எதெல்லாம் உண்டு என்பதையும் அதிலேயே போட்டிருப்பார்கள். மறுமதிப்பீட்டில் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். அதனால் நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டாமல் பணம் கட்டாதீர்கள்.

எல்லாப் பாடத்துக்கும் கட்டுகிறவர்கள் உண்டு, வீண் செலவு. பிள்ளை எங்கே சேரப் போகிறது என்று பாருங்கள். இன்ஜினியரிங் சேர்க்கைக்குப் பார்க்கிற கட்ஆஃப் மார்க் 200க்கு: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணக்கில் கூடுகிற ஒரு மார்க் கட்ஆஃபில் ஒரு மார்க், இயற்பியலில் கூடினால் அரை மார்க். மொழிப்பாடத்தில் கூடினால் கட்ஆஃபில் ஒன்றும் இல்லை. முதலில் கணக்குப் பேப்பர்.

தரமாட்டோம் என்றால்

கிளாஸ் டீச்சர், அப்புறம் ஹெச்.எம். தொண்ணூறு சதவீதம் இங்கேயே முடிந்துவிடும். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். "எல்லாப் பெற்றோருக்கும் தேர்வுக்குப் பிறகு ஒரு நாள் பேப்பரைக் காட்டுங்க" என்று அங்கே ஒரு தீர்மானம் போட வைத்தால் தனித்தனியாகப் போய் நிற்க வேண்டியதில்லை. அதற்கு மேலே தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிக்கு வட்டாரக் கல்வி அலுவலர், உயர்நிலை, மேல்நிலைக்கு மாவட்டக் கல்வி அலுவலர். தனியார் பள்ளிகளுக்கென்றே தனியாக ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். எங்கே போவது என்று தெரியாவிட்டால் கல்வித்துறையின் 14417க்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

கடைசி வழி தகவல் உரிமைச் சட்டம். தேர்வு எழுதியவருக்குத் தன் விடைத்தாளைப் பார்க்கிற உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, சிபிஎஸ்இ எதிர்த்துப் போன வழக்கு அது. வெள்ளைத்தாளில் எழுதிப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு மிட்டெர்ம் பேப்பருக்காக இதைக் கையில் எடுக்காதீர்கள். அடுத்த ஆறு வருஷம் உங்கள் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும். வாய்விட்டுக் கேட்டால் கிடைப்பதைத் தபாலில் கேட்டு வாங்குவது நமக்குத்தான் அக்கப்போர்.

சான்றிதழ் வந்த பிறகு

ரிசல்ட் வந்து சில நாளில் தற்காலிக மதிப்பெண் சான்றிதழ் கிடைக்கும், கல்லூரியில் சேர அது போதும். அசல் சான்றிதழ் பின்னால் பள்ளிக்கு வரும். பிள்ளையையோ உங்களையோ நேரில் வரச் சொல்லித் தருவார்கள், வாங்கும்போதே அங்கேயே நின்று பெயர், இனிஷியல், தேதி, போட்டோ எல்லாவற்றையும் பாருங்கள். பத்துப் பிரதி ஜெராக்ஸ் எடுங்கள், டிஜிலாக்கரிலும் இருக்கட்டும்.

லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். பின்னால் அதன் மேல் ஒரு சீல் வைக்க வேண்டி வந்தாலோ திருத்தம் போட வேண்டி வந்தாலோ பிரிக்கும்போது தாளோடு எழுத்தும் வந்துவிடும். போன ஜூலையில் அந்தக் கொப்பரைக் களத்து அக்கா பையனின் அசலைக் கொண்டுவந்து, "தண்ணி படாம கண்ணாடி போட்டுக் குடுங் தம்பி" என்றார். நாற்பது ரூபாய் வேலை. போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்துக் கொடுத்தேன். பிறந்த தேதி இன்னும் ஜூன் ஒன்றாகத்தான் இருந்தது.